டிசம்பர் 11 நம் ரயில் பாதையில் இருக்கிறது

சென்னை பெருங்குடிப் பள்ளிகளில் 'வரலாற்றில் இன்று' வாசிக்கும் மாணவ மாணவியருக்கும், அதைத் தேடித் தரும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே, ஆசிரியப் பெருமக்களே,

காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறளும் பழமொழியும் செய்திகளும் முடிந்த பிறகு 'வரலாற்றில் இன்று' வருகிறது. ஒலிபெருக்கியின் சத்தம் பள்ளிச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. தெருவில் தண்ணீர் பிடிப்பவர்கள், பேருந்துக்கு ஓடுபவர்கள், மொட்டை மாடியில் துணி காயப்போடுபவர்கள் எல்லோர் காதிலும் அது விழுகிறது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் என் காதிலும் விழுகிறது. பிறந்தவர்கள், மறைந்தவர்கள், போர்கள், கண்டுபிடிப்புகள், கோப்பைகள் என்று ஒரு நாளுக்கு எட்டு, பத்து செய்திகள். உங்கள் குரல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டு முடித்ததும் எதுவும் மனசில் தங்குவதில்லை. உங்களோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். பத்தைச் சொல்லாதீர்கள், ஒன்றைச் சொல்லுங்கள். அந்த ஒன்றை பெருங்குடியில் நின்றுகொண்டு சொல்லுங்கள்.

டிசம்பர் 11-ஐ எடுத்துக்கொள்வோம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். மழைக்கு விடுமுறை விடாமலிருந்தால் கூட்டம் நடக்கும். அன்று உங்கள் கைக்கு வரும் தாளில் பெரும்பாலும் இவை இருக்கும்: 1882, மகாகவி பாரதியார் பிறப்பு. 1922, இந்தி நடிகர் திலீப் குமார் பிறப்பு. 1935, பிரணாப் முகர்ஜி பிறப்பு. 1936, இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு முடி துறந்தார். 1946, யுனிசெப் தொடக்கம். அதே நாளில் அரசியல் நிர்ணய சபையின் தலைவராக ராஜேந்திர பிரசாத் தேர்வு. 1969, செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் பிறப்பு. 1972, அப்போலோ 17 நிலவில் இறங்கியது. 2004, எம்.எஸ். சுப்புலட்சுமி மறைவு. இதை ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிடலாம். வாசித்ததும் "நன்றி, வணக்கம்" சொல்லி இறங்கிவிடலாம்.

இப்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெருங்குடி பறக்கும் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். திருவான்மியூரோடு நின்றிருந்த அந்தப் பாதை வேளச்சேரி வரை நீண்டு, நம் நிலையத்துக்கு ரயில் வந்தது 2007 நவம்பர் 19-ல். கடற்கரை போகும் வண்டியில் ஏறி உட்காருங்கள். தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர் கடந்தால் கோட்டூர்புரம். எம்.எஸ். தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அந்தப் பகுதியில்தான். அதற்கப்புறம் திருமயிலை. அங்கே இறங்கி ஆழ்வார்பேட்டைப் பக்கம் போனால், சிறுவன் ஆனந்த் செஸ் பழகிய இடம். இறங்காமல் போனால் திருவல்லிக்கேணி, பாரதியார் வாழ்ந்து மறைந்த வீடு. அடுத்த நிலையம் சேப்பாக்கம். அங்கே உங்கள் தாளில் இல்லாத ஒரு டிசம்பர் 11 இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உலகப் பட்டியலில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தவை, நாம் தினம் போய்வரும் ஒரே ரயில் பாதையில் வந்து உட்கார்ந்துவிட்டன. தாளை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அது எல்லா ஊருக்குமாக எழுதப்பட்டது. அதை நம் ஊருக்குக் கொண்டுவரும் வேலை உங்களுடையது.

கோட்டூர்புரத்திலிருந்தே தொடங்குகிறேன். மதுரையில் 1916 செப்டம்பர் 16-ல் பிறந்த எம்.எஸ்., 1966-ல் ஐ.நா. சபையில் பாடினார். 1968-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அது கொடுக்கப்பட்டதில்லை. கணவர் சதாசிவம் 1997-ல் மறைந்த பிறகு அவர் மேடைக் கச்சேரி செய்யவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா வந்தது. 2004-ல் அவர் மறைந்தபோது சென்னையில் சங்கீத சீசன் களைகட்டத் தொடங்கியிருந்தது. ஏன் டிசம்பரில் சீசன் என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு தேதிக் கதை உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928-ன் மியூசிக் அகாடமி. அரசியலுக்காகக் கூடிய கூட்டம் ஊருக்கு ஓர் இசை மாதத்தை விட்டுவிட்டுப் போனது. எம்.எஸ். மறைந்த பதினைந்தாம் நாள் டிசம்பர் 26, சுனாமி. அந்த டிசம்பரை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு இந்த இரண்டும் தனித்தனி வரிகளாக நினைவிருக்காது, ஒரே மாதமாகத்தான் நினைவிருக்கும்.

அடுத்து ஆனந்த். மயிலாடுதுறையில் பிறந்தவர், வளர்ந்தது சென்னையில். அம்மா சுசீலாதான் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 1988. ஐந்து முறை உலக சாம்பியன், 2000, 2007, 2008, 2010, 2012. இந்த எண்களை உங்கள் தாள் தந்துவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. அப்பாவின் வேலை காரணமாக அந்தக் குடும்பம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் சில காலம் இருந்தது. அங்கே பகல் நேரத்தில் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும். முடிவில் ஒரு புதிர் போடுவார்கள். பையன் அந்நேரம் பள்ளியில் இருப்பான். அம்மா நிகழ்ச்சியைப் பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் தாளில் குறித்து வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். சரியான விடைக்குப் புத்தகம் பரிசு. பரிசு வாங்கி வாங்கி, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பல முறை சொன்ன கதை இது. ஒரு பிறந்த நாளைச் சொல்லும்போது அந்தப் பிறந்த நாளைப் பெற்றெடுத்தவரைப் பற்றியும் இரண்டு வரி சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சென்னையில் அந்தப் பையன் ஆடிய இடம் டால் செஸ் கிளப். சோவியத் கலாசார மையத்தில் இயங்கியது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் முன்னின்று நடத்தினார். அங்கே வேக ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வென்றவர் பலகையை விட்டு எழ வேண்டாம்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி ஆட வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். ஆனந்தின் மின்னல் வேக ஆட்டத்துக்கு அந்த வரிசையும் ஒரு காரணம். இதை நீங்கள் கூட்டத்தில் சொன்னால், இடைவேளையில் செஸ் பலகைக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

2024-ல் டிசம்பர் 11 அன்று ஆனந்துக்கு 55 வயது நிறைந்தது. மறுநாள், டிசம்பர் 12, சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். வயது 18. உங்களில் பலர் அதைத் தொலைக்காட்சியிலோ செல்பேசியிலோ பார்த்திருப்பீர்கள். வரலாறு என்பது நீங்கள் பிறக்கும் முன்பே முடிந்துபோன ஒன்று என்று நினைத்திருந்தால், இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நீங்களும் சாட்சி.

திருவல்லிக்கேணிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதி 1904-ன் கடைசியில் சென்னைக்கு வந்து சுதேசமித்திரன் பத்திரிகையில் சேர்ந்தார். 1908-ல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து வருஷம் அங்கே இருந்தார். மறுபடி சுதேசமித்திரனுக்குத் திரும்பிய பிறகு அவர் குடியிருந்தது திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். அந்த வீட்டை இன்று அரசு நினைவில்லமாகப் பராமரிக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

அவர் மறைந்த நாளை உங்கள் தாள் 'செப்டம்பர் 11' என்று சொல்லும். இன்னொரு தாள் 'செப்டம்பர் 12' என்று சொல்லும். எது சரி என்று குழம்பி, கைக்கு வந்ததை வாசித்துவிட்டுப் போகாதீர்கள். குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்த பிறகு அவர் உயிர் பிரிந்தது. கடிகாரக் கணக்கில் அது 12-ஆம் தேதி. மாநகராட்சியின் இறப்புப் பதிவிலும் 12 என்றே இருக்கிறது. நம் வீடுகளிலோ பொழுது விடிந்தால்தான் மறுநாள். நடுச் சாமத்தில் நடந்ததை "நேற்று ராத்திரி" என்போமே தவிர "இன்று" என்று சொல்ல மாட்டோம். அப்படித்தான் 11 நிலைத்தது. தமிழ்நாடு அரசும் 2021-ல், நூற்றாண்டு நினைவின்போது, செப்டம்பர் 11-ஐ 'மகாகவி நாள்' என்று அறிவித்தது. இரண்டு தேதிகளையும் சொல்லி, ஏன் இரண்டு என்பதையும் சொன்னால், கேட்கும் பிள்ளைக்கு ஒரு தேதி எப்படி உருவாகிறது என்பதே தெரிந்துவிடும்.

அந்தத் தாளிலேயே 'யானை மிதித்து இறந்தார்' என்றும் எழுதியிருக்கலாம். அதை வாசிக்காதீர்கள். பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. காயம் பட்டார், தேறினார், வேலைக்கும் போனார். 1921 ஜூலை 31-ல் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். அதற்கும் பிறகு, வயிற்று நோயில்தான் அவர் போனார். 39 வயது நிறையவில்லை. நோயில் மெலிந்து போன ஏழைப் பத்திரிகைக்காரரின் சாவை யானைக் கதை மூடி மறைத்துவிடுகிறது. கேட்கச் சுவாரசியமாக இருப்பதாலேயே அது பள்ளிக்குப் பள்ளி பரவியிருக்கிறது. பாரதி பிறந்த நாளன்று அவரைப் பற்றித் தவறாக ஒரு வரி நம் பள்ளி மைதானத்தில் ஒலிக்கக் கூடாது என்று மனமார விரும்புகிறேன்.

கடிகாரம் பற்றிப் பேசும்போதே அப்போலோ 17-ஐயும் சொல்லிவிடுகிறேன். ஜீன் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் 1972 டிசம்பர் 11 பிற்பகல். இங்கே நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணி, அதாவது டிசம்பர் 12. மனிதர்கள் நிலவில் இறங்கிய கடைசிப் பயணம் இதுவரை அதுதான். அது நடந்த வேளையில் இந்த ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊரின் கடிகாரப்படி இந்தத் தேதி என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பல தாள்களின் பிழைகள் தானாகவே தென்படும்.

சேப்பாக்கம் வந்துவிட்டது. 2008 டிசம்பர் 11, வியாழக்கிழமை. இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட் பந்தயத்தின் முதல் நாள். அந்தப் பந்தயம் முதலில் இங்கே நடப்பதாகவே இல்லை, அகமதாபாத்துக்கு என்று வைத்திருந்தார்கள். நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். இங்கிலாந்து அணி ஒருநாள் தொடரை நடுவில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டது. திரும்பி வருவார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. வந்தார்கள். ஆட்டத்தைச் சென்னைக்கு மாற்றினார்கள். ஆயுதம் ஏந்திய காவலர்கள் சூழ்ந்து நிற்க டாஸ் போட்டார்கள்.

முதல் நாள் இங்கிலாந்தின் ஸ்ட்ராஸ் நூறு அடித்தார், 123. இரண்டாவது இன்னிங்ஸிலும் 108. நான்காம் நாள் இந்தியாவுக்கு வைத்த இலக்கு 387. இந்திய மண்ணில் அதுவரை யாரும் அவ்வளவைத் துரத்தி வென்றதில்லை. சேவாக் வந்தார். 68 பந்தில் 83. அந்தச் சாயங்காலம் ஆட்டம் முடிந்தபோது ஒரு விக்கெட்டுக்கு 131. முடியாது என்று நினைத்திருந்த ஊர், முடியுமோ என்று நினைக்கத் தொடங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் டிராவிட் சீக்கிரம் போனார், டெண்டுல்கர் உள்ளே வந்தார். 224-ல் நான்காவது விக்கெட் விழ, யுவராஜ் சேர்ந்தார். அப்போது மைதானத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பலரின் மனத்தில் வேறொரு தேதி ஓடியிருக்கும்: 1999 ஜனவரி 31. இதே மைதானம், பாகிஸ்தானுக்கு எதிராக 271 தேவை. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 அடித்து, வெற்றிக்குக் கொஞ்சம் முன்பாக ஆட்டமிழந்தார். மீதி விக்கெட்டுகள் மளமளவென்று விழ, இந்தியா 12 ரன்னில் தோற்றது. அன்று சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள். வென்றவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். இந்த ஊரைப் பற்றி நான் பெருமைப்படும் நாள்களில் அதுவும் ஒன்று.

2008-ல் டெண்டுல்கர் ஆட்டமிழக்கவில்லை. இங்கிலாந்தின் ஸ்வான் போட்ட பந்தை மண்டியிட்டாற்போல் குனிந்து காலுக்குப் பின்னால் தட்டிவிட்டார், பந்து எல்லைக்கு ஓடியது. அந்த ஒரே நான்கில் அவருடைய நூறும் நிறைந்தது, இந்தியாவும் வென்றது. டெண்டுல்கர் 103, யுவராஜ் 85, இருவரும் கடைசி வரை நின்றார்கள். மும்பைக்காரரான டெண்டுல்கர் அந்த நூறை மும்பை மக்களுக்கு அர்ப்பணித்தார். ஆட்டம் முடிந்தது டிசம்பர் 15-ல் என்பதால் பட்டியல்காரர்கள் இதை 15-ல் வைப்பார்கள். ஆட்டம் தொடங்கிய நாள்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அச்சத்துக்கு நடுவில் ஓர் அணி திரும்பி வந்து நம் ஊரில் முதல் பந்தை ஆடிய நாள் அது.

இதே மைதானத்தில் இன்னொரு சேர்க்கை உண்டு. பிப்ரவரியில் உங்களுக்கு உதவும். உங்கள் தாளில் பிப்ரவரி 6 அன்று '1952, இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைவு' என்று இருக்கும். பிப்ரவரி 10 அன்று 'இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி' என்று இருக்கும். நான்கு நாள் இடைவெளியில் இரண்டு தனித்தனி வரிகள். ஆனால் அவை ஒரே கதை. சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம் தொடங்கியதே பிப்ரவரி 6-ல்தான். மன்னர் இறந்த செய்தி வந்தது; மறுநாள் ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 8-ஆம் தேதி மறுபடி இறங்கினார்கள். வினு மன்கட் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். அதில் நான்கு பேரை விக்கெட் கீப்பர் சென் ஸ்டம்பிங் செய்தார். பங்கஜ் ராய் 111, உம்ரிகர் 130. இரண்டாவது முறையும் மன்கட்டுக்கு நான்கு விக்கெட். விஜய் ஹசாரே தலைமையில் இந்தியா ஒரு இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது. அது இந்தியா ஆடிய 25-ஆவது டெஸ்ட். சுதந்திரம் வந்து ஐந்து வருஷம்கூட ஆகாத நாடு, தன்னை ஆண்ட மன்னருக்குத் துக்கம் காத்த கையோடு, அவருடைய நாட்டு அணியை முதன்முதலாக வென்றது. இரண்டு வரிகளையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் இது தெரிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரே தேதியில் இரண்டு நடந்துவிட்டால் அவற்றுக்குள் ஏதோ மர்மத் தொடர்பு இருப்பதாகப் பேச ஆசை வரும். பாரதி பிறந்த நாளில் எம்.எஸ். மறைந்தார் என்பது தற்செயல். ஆனந்த் அதே நாளில் பிறந்ததும் தற்செயல்தான். அதற்குமேல் அதில் எதையும் தேடாதீர்கள். ஆனால் சில தேதிகள் மனிதர்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தவை. செப்டம்பர் 15-ஐப் பாருங்கள். 1909-ல் அண்ணா பிறந்த நாள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது 2010 செப்டம்பர் 15-ல். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது 2022 செப்டம்பர் 15-ல். பின்னவை இரண்டும் அண்ணா பிறந்த நாளில் வந்து சேர்ந்தது யாரோ அப்படி முடிவு செய்ததால்தான். எது தானாக நேர்ந்தது, எது தேர்ந்தெடுத்தது, தேர்ந்தெடுத்தவர் யார், ஏன் அந்த நாள் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். காலை உணவு சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்கு அது வெறும் தேதியாக இருக்காது.

சரிபார்ப்பதற்கும் நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. நம் பெருங்குடிக்கு அடுத்த நிலையம் தரமணி. அங்கே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். ஆசிரியர்கள் முன்கூட்டிக் கேட்டு, பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை அழைத்துப் போங்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய இதழின் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை, செல்பேசியில் வந்த வரியை அப்படியே நம்பாது.

பட்டியல் முழுதாகச் சொல்லாத தேதிகளும் இருக்கின்றன. 2015 டிசம்பர் 1 இரவு, 2-ஆம் தேதி விடியல், வெள்ளம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். உங்கள் தாளில் இவை ஒரு வரியாக வந்தாலும் வரலாம். ஆனால் பெருங்குடியில் அந்த நாள்களில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, யார் யாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், எந்த வீட்டு மாடியில் எத்தனை குடும்பம் தங்கியது என்று எந்தத் தாளும் சொல்லாது. அதைச் சொல்ல உங்கள் அம்மா இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார், பால் போடும் அண்ணன் இருக்கிறார்.

2022 ஏப்ரலைப் பாருங்கள். நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் தகுதி கிடைத்த தேதி ஏப்ரல் 8. சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பெயர். அதே ஏப்ரல் 27-ல் அதன் ஓரத்திலேயே இருக்கும் பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, நாள்கணக்கில் புகைந்தது. ஒரே மாதத்தில், ஒரே நிலத்தின் மேல், பெருமையும் புகையும். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வாசிக்க உலகத்தில் உங்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.

தேதியே இல்லாதவற்றையும் மறக்க வேண்டாம். வெள்ளத்துக்குத் தேதி உண்டு. தண்ணீர் தங்கியிருந்த சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையாகவும் குப்பைமேடாகவும் கட்டடமாகவும் மாறியதற்குத் தேதி கிடையாது. அது ஒரு நாளில் நடக்கவில்லை, அதனால் எந்த நாளின் பட்டியலிலும் வராது. 2019 கோடையில் கிணறும் குழாயும் வற்றி நம் சாலைகள் முழுக்கத் தண்ணீர் லாரிகள் ஓடியதற்கும் ஒரு நாளைக் குறிக்க முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கு மாதம் ஒரு முறை, கடைசி வேலை நாளில், 'தேதி இல்லாத வரலாறு' என்று ஓர் இடம் ஒதுக்குங்கள். தாத்தா பாட்டிகளை மைக் முன்னால் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். இங்கே நாற்று நட்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு எத்தனை வேலை என்று தெரியும். பாடம், தேர்வு, பதிவேடு, கணக்கெடுப்பு, இதற்கிடையில் தினம் ஒரு தாள் தேடுவது சுமைதான். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்கிறேன். வாரத்தில் நான்கு நாள் தாளிலிருந்து ஒன்றை எடுத்து மூன்று நிமிடம் சொல்லட்டும். ஒரு நாள் மட்டும் 'பெருங்குடியில் இன்று'. தேதி சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த வாரத்தில் எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லும் பிள்ளை, யாரிடம் கேட்டேன், எங்கே பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சொன்னதையெல்லாம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில், தேதிக்கு ஒரு பக்கமாக, பிள்ளைகள் கையாலேயே எழுதிவையுங்கள். ஆண்டு முடிந்ததும் ஒரு நகலைக் கிளை நூலகத்தில் கொடுங்கள்.

முதல் பக்கத்துக்கு ஒரு தேதி தருகிறேன்: 2021 ஆகஸ்ட் 30. பழைய மாமல்லபுரம் சாலையில் நம் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவது அன்றோடு நின்றது. அந்தச் சாவடியில் சீட்டு கிழித்தவர்கள், தினம் கட்டணம் கட்டிப் போய்வந்த வேன் ஓட்டுநர்கள், நிறுத்தச் சொல்லிப் போராடியவர்கள், நின்றதும் வேலை போனவர்கள் எல்லோரும் இந்த வட்டாரத்தில்தான் இருப்பார்கள். ஒரு வகுப்பிலிருந்து நான்கு பேர் சேர்ந்து, இந்தச் சனிக்கிழமை போய் அவர்களிடம் கேட்டு வாருங்கள்.

அன்புடன்,
பெருங்குடிவாசி ஒருவர்